ஆல்பின் பூட்டிய ஃபோல்டர்

முஹ்சினா கல்வராயன் மலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நண்பகல். ஆனால் வெயில் என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. பனிமூட்டம் ரோட்டையும் மரவள்ளிக் கொல்லையையும் சேர்த்து விழுங்கிவிட்டு, இன்னும் பசி தீராமல் நின்றது.

பஸ்ஸைத் திருப்பிக்கொண்டே டிரைவர் தலையை நீட்டினார். "சாயந்திரம் பஸ்ஸு வரும்னு நம்பிக்கினு இருக்காதம்மா. இட ஒதுக்கீடு கேட்டு கீழ ரோட்ட மறிச்சிக்கினு இருக்காங்க. சுருக்கா வேலைய முடிச்சிட்டு கெளம்புற வழியப் பாரு."

அது 2020 டிசம்பர். ஒரு புயல் போன ஈரம் காய்வதற்குள் அடுத்த புயல் வந்துகொண்டிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு முஹ்சினாவுக்கு ஆபீஸ் என்றால் கள்ளக்குறிச்சி வீட்டின் மாடி அறைதான். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி, அதற்கு அவள் சாஃப்ட்வேர் எழுதினாள். மலைக்குப் போய் வேலை பார்க்க வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் அந்தக் கனவிலேயே ராஜினாமா செய்திருப்பாள்.

மலைப்பாதையின் பாதியில் ஒரு காட்டாறு குறுக்கே ஓடுகிறது. அதன்மேல் தாழ்வான தரைப்பாலம். மேலே மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்து பாலத்தை மூடிவிடும். வெள்ளம் வருமுன் சைரன் அடித்து வண்டிக்காரர்களை நிறுத்தும் கருவியை அவள் கம்பெனிதான் வைத்திருந்தது. அதை இயக்கும் கம்ப்யூட்டர் மேலே ஒரு பழைய பங்களாவில் இருந்தது. பங்களா மாடியின் ஆன்டெனா வழியாகத்தான் சைரனுக்கு எதுவும் போகும். அடுத்த புயலுக்குள் சைரனில் ஒரு கோளாறைத் திருத்தியாக வேண்டும். போன புயலில் நெட் அறுந்துபோனதால் சென்னையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தொட முடியவில்லை. கிட்டத்தில் இருக்கிற ஆள் முஹ்சினாதான் என்று மேனேஜர் சுஐப் கண்டுபிடித்துவிட்டான். மழைக்குப் பயந்து அவள் தன் லேப்டாப்பை வீட்டில் பீரோவுக்குள் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தாள்.

பங்களாவைக் காவல் காக்கும் முனியன் கதவைத் திறந்தான். உள்ளே ஈரச்சாக்கும் கடுக்காயும் கலந்த வாசனை. கடைசி அறையின் வாசலோடு அவன் நின்றுகொண்டான்.

"கம்ப்யூட்டர் உள்ளதான் இருக்குதும்மா. நான் வரல."

"இன்னா முனியண்ணே, நீங்களே இப்பிடிச் சொன்னா?"

"தெனம் காலைல தரை நனைஞ்சி கெடக்குது. ஓடு ஒழுவுதோன்னு மேல ஏறிப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆல்பின் சார் நாற்காலிக்குக் கீழ மட்டும்தான் நனையுது."

ஆல்பின் போன மாதம் வரை அந்த அறையில் வேலை பார்த்தவன். எலவனாசூர்கோட்டைக்காரன், சிங்கராயரின் ஒரே மகன். சைரன் தாமதமாக அடிக்கிறது, தண்ணீர் பாலத்தில் ஏறிய பிறகுதான் சத்தமே வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். எந்த அளவில் அடித்தால் சரியாக இருக்கும் என்று கண்ணால் பார்க்க, ஒரு மழைநாளில் ஆற்றுக்கு இறங்கினான். பைக் மட்டும் கரையில் நின்றிருந்தது. தீயணைப்புக்காரர்கள் ஆற்றைச் சல்லடையாகச் சலித்தும் உடம்பு கிடைக்கவில்லை. அடக்கம் பண்ண ஒன்றுமில்லாமல், மகன் எங்கேயோ இருக்கிறான் என்றே சிங்கராயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

முஹ்சினா அவனை நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் சிரித்த முகம் மட்டும் தெரியும். நல்லவன், ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரன். வேலை முழுசாக முடியாமல் ஒரு வரியைக்கூடப் பொதுவில் சேர்க்க மாட்டான். தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்வான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. முனியன்மேல் கோபம்தான் வந்தது.

அவர்கள் வேலை செய்யும் விதத்தை ஒருமுறை அத்தா கரீமுக்கு அவள் விளக்கியிருந்தாள். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் கயிறு, தார்பாய், குடை விற்கிறவர் கரீம். "நம்ம கடையில குடோன் ஒண்ணு, மேஜை மூணு இருக்குதில்ல அத்தா? அது மாதிரி எங்களுக்கும் குடோன் ஒண்ணுதான், ரெப்போன்னு சொல்லுவோம். அதிலேர்ந்து ஆளாளுக்கு ஒரு ஃபோல்டர் எடுத்துக்கினு தனித்தனியா வேலை பாப்போம். ஒருத்தர் வேலை இன்னொருத்தர் மேல உழாது. ஆனா ஒரு மேஜைல கயிறு பிரிச்சி வெச்சிருந்தா, இன்னொரு மேஜைக்கு அதே கயிறு குடுக்க மாட்டாங்க." கரீம் யோசித்துவிட்டு, "மேஜைக்காரன் டீ குடிக்கப் போய்ட்டான்னா?" என்று கேட்டார். "அவன் வர்ற வரைக்கும் அது அவனோடதுதான்" என்று சொல்லிச் சிரித்திருந்தாள்.

இப்போது அதே விதிதான் அவள் முகத்தில் கதவைச் சாத்தியது. சைரனுக்குரிய பிராஞ்சை, அதாவது அத்தாவிடம் கயிறு என்று சொன்னதை, தன் ஃபோல்டரில் திறக்கப் போனாள். முடியாது என்றது கம்ப்யூட்டர். அது ஏற்கெனவே ஆல்பின் ஃபோல்டரில் திறந்திருக்கிறதாம். அந்த ஃபோல்டரை யாரும் அப்புறப்படுத்தாதபடி அவன் பூட்டும் போட்டிருந்தான். பூட்டும்போது காரணம் எழுதி வைக்கலாம். எழுதியிருந்தான்.

'கீழே போய் அளந்துட்டு வரேன். யாரும் தொடாதீங்க.'

பாவம், எத்தனை நம்பிக்கையோடு போயிருக்கிறான்!

அவன் ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல்தான் திருத்தப்பட்டிருந்தது. கடைசியாக எப்போது திருத்தியது என்று பக்கத்திலேயே காட்டியது.

இன்று காலை.

கடிகாரம் தப்பாக இருக்கும் என்று நினைத்தாள். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. முனியனுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. நெட் இல்லை. வெளியிலிருந்து யாரும் வர வழியில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு வார்த்தைகள் மாறின.

இப்போது.

கடுக்காய் வாசனை போய்விட்டிருந்தது. பதிலுக்கு ஆற்றுச்சேற்று நாற்றம், அழுகிய இலையும் பாசியும் கலந்து, அவள் தோளுக்கு மிக அருகிலிருந்து வந்தது.

அவள் உட்கார்ந்திருந்த இடம் சில்லிட்டது.

நாற்காலி சொதசொதவென்று ஊறியிருந்தது. சுடிதார் முழுக்க ஈரம்.

அலறியடித்து எழுந்தாள். பயத்தில் மனிதர்கள் செய்யும் காரியத்துக்குக் கணக்கு வழக்கு கிடையாது. அந்த ஃபோல்டர் இருப்பதால்தானே இதெல்லாம் என்று புத்தி குறுக்கே ஓடியது. இப்படிப்பட்ட ஃபோல்டரை ரெப்போவிடம் சொல்லித்தான் எடுக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் அது தெரியும். முஹ்சினா ஒன்றும் சொல்லவில்லை. நின்றபடியே எட்டி, ஆல்பினின் ஃபோல்டரைக் குப்பையை அழிப்பதுபோல் மொத்தமாக அழித்தாள்.

நாற்றம் நின்றது. அறை வெறும் அறையானது.

மூச்சு சீராகிக்கொண்டிருந்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. ஆல்பின் முடிக்காத எதையும் பொதுவில் சேர்க்காதவன். சைரன் எந்த அளவில் அடிக்க வேண்டும் என்ற திருத்தம் உலகத்திலேயே அந்த ஒரு ஃபோல்டரில்தான் இருந்தது. அதை அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, பிராஞ்சாவது கிடைக்கட்டும், திருத்தத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்று மறுபடி முயன்றாள். முடியாது என்றது. ஆல்பின் வைத்திருக்கிறாராம். ஃபோல்டர் போய்விட்டது, ஆனால் அவன் இடம் அப்படியே இருந்தது. சொல்லாமல் அழித்தால் ரெப்போவுக்கு ஆள் போனது தெரியாது. வருவான் என்று பூட்டோடு காத்துக்கொண்டிருக்கும்.

அப்போது ஜன்னலோரம் வைத்திருந்த போன் அடித்தது. கரீம்.

"முஹ்சி, பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்கம்மா. நீ கவலப்படாத. நான் ஸ்கூட்டிய எடுத்துக்கினு வந்துக்கினே இருக்கேன்."

"அத்தா, வேணாம்! எங்க இருக்கீங்க?"

"கச்சிராயபாளையம் தாண்டி மல ஏறிட்டேன். மறியல் பண்ற பசங்க நம்ம கடைல தார்பாய் வாங்குனவங்கதான். பொண்ணக் கூட்டியாறப் போறேன்னதும் வழி வுட்டுட்டாங்க."

"அத்தா, ஆத்துல எறங்காதீங்க. அங்கயே நில்லுங்க. கேக்குதா?"

காற்று இரைந்தது. அவர் குரல் துண்டு துண்டாக வந்தது. "...சைரன் அடிக்கலன்னா தைரியமா போலாம்னு... நீதானம்மா சொன்ன..."

லைன் செத்துப்போனது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போகவே இல்லை.

ஆமாம், அவள்தான் சொன்னாள். புது வேலை கிடைத்த பெருமையில் அத்தாவிடம், அம்மா கமர் ஜஹானிடம், தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். சத்தம் இல்லையென்றால் ஆபத்து இல்லை. அத்தா மகள் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்.

வெளியே முனியன் கத்தினான். "எம்மா! மேல ஓடைல தண்ணி செவப்பா வருது. மல ஒடைச்சிக்கினு ஊத்துது. ஆத்துக்கு இப்ப போய்டும்!"

"முனியண்ணே, எங்கத்தா வராரு! ஓடுங்க, பாலத்தாண்ட ஓடிப்போய் நிறுத்துங்க!"

அவன் குடையைக்கூட எடுக்கவில்லை. ஓடினான். ஆனால் தண்ணீர் அவனைவிட வேகமாக ஓடும் என்று இருவருக்கும் தெரியும்.

முஹ்சினா அந்த அறைக்குத் திரும்பி வந்தாள். யாரும் இல்லை. நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

இப்போதே அடி, நிறுத்தாமல் அடி என்று சைரனுக்கு ஒரு வரி எழுதினால் போதும். புது ஃபோல்டரில் எழுதியும் விட்டாள். அனுப்பத்தான் முடியவில்லை. கண்டவர் எழுதியது சைரனுக்குப் போய்விடக்கூடாது என்று சுஐப் வைத்த விதி அது. அந்த ஒரு பிராஞ்சிலிருந்து மட்டுமே சைரன் பேச்சுக் கேட்கும். அந்த பிராஞ்ச் செத்தவன் கையில் இருந்தது.

பூட்டைத் திறக்கச் சொல்லிக் கட்டளை அடித்தாள். திறந்தது.

பிராஞ்சைக் கேட்டாள். முடியாது என்றது.

மறுபடி பார்த்தாள். பூட்டு விழுந்திருந்தது.

மறுபடி திறந்தாள். மறுபடி விழுந்தது.

அவசரத்தில் எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. யாரோ மூச்சு விடுவதுபோல் அறைக்குள் ஓர் ஓசை. தண்ணீருக்குள்ளிருந்து வரும் மூச்சு.

முஹ்சினா அழுதுவிட்டாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், திரையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள்.

"ஆல்பின், நான் தெரியாம அழிச்சிட்டேன். தப்புதான். எங்கத்தா அங்க வராரு. நான் சொன்னத நம்பித்தான் வராரு. உன் எடம் உனக்கே இருக்கட்டும். சைரன மட்டும் அடிக்க வெச்சிடு."

மழை ஓட்டின்மேல் இறங்கியது.

கன்னத்தின் ஓரமாக ஏதோ குளிர்ந்து நீண்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கீபோர்டில் பட்டன்கள் அழுந்தும் சத்தம். அவள் கைகள் மடியில் இருந்தன.

டக்.

டக். டக்.

சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது கீபோர்டின் பள்ளங்களில் செந்நீர் தேங்கியிருந்தது. திரையில், அவள் தன் கையால் அழித்த ஆல்பினின் ஃபோல்டர் இருந்தது. உள்ளே அந்த ஃபைல் திறந்திருந்தது. திருத்திய வரிக்கு மேலே அவன் எப்போதும்போல் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்.

'தண்ணி பாலத்துக்கு நாலு விரல் கீழ இருக்கும்போதே அடிக்கணும். நேர்ல பாத்தேன்.'

அவள் அதை இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. அளக்கப் போனவன் திரும்பி வரவே இல்லையே. நேரில் பார்த்ததை எப்போது வந்து எழுதினான்?

கீழே, பனிக்கும் மழைக்கும் அப்பாலிருந்து, சைரன் ஊளையிட ஆரம்பித்தது.

அன்று மலையிலிருந்து யாரும் இறங்க முடியவில்லை. தரைப்பாலத்தின்மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது, அக்கரையில் யாரையும் காணவில்லை என்று முனியன் திரும்பி வந்து சொன்னான். முஹ்சினா அவன் மனைவி ஆயம்மாளின் வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தெரிந்த துவாவையெல்லாம் ஓதிக்கொண்டு கிடந்தாள். இருட்டும் நேரத்தில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. கரீமின் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வூட்லதான் இருக்கேன். பாலத்துல முன்சக்கரம் எறங்கிடுச்சி, சைரன் அடிச்சிச்சி பாரு, பிரேக்க அழுத்திட்டேன். அதே நேரத்துல ஒரு தம்பி பின்னாலேர்ந்து வண்டியப் புடிச்சி இழுத்துடுச்சி. அது மட்டும் இல்லன்னா நான் மவுத்துதான்."

"எந்தத் தம்பி?"

"யாரோ தெரியலம்மா. தொப்பலா நனைஞ்சிக்கினு நின்னுச்சி. பேச்சே கம்மி. எங்க போவணும்னு கேட்டேன். உக்கார எடம் போயிடுச்சி, உங்ககூடவே வரேன்னுச்சி. பாவமா இருந்துச்சி. வண்டில ஏத்திக்கினு வந்துட்டேன்."

"எங்க எறக்கி வுட்டீங்க, அத்தா?"

"நம்ம வூட்டாண்டதான். தலை துவட்டத் துண்டு எடுத்தாறேன்னு உள்ள போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம். சாப்புடக்கூட இல்ல."

மறுநாள் மழை வெறித்தது. தண்ணீர் வடிந்த பாலத்தைக் கடந்து, காய்கறி வேன் ஒன்றில் தொற்றிக்கொண்டு முஹ்சினா கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தாள். வாசலில் ஸ்கூட்டி நின்றது. நல்ல வெயில். வண்டியின் முன்சீட் காய்ந்து சூடேறியிருந்தது. பின்சீட்டிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கமர் ஜஹான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கரீம் டீ போட்டுக்கொண்டு வந்து, அந்தத் தம்பியைக் கண்டுபிடித்து ஒரு குடையாவது கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை உயிரோடு பார்க்கப் பார்க்க முஹ்சினாவுக்கு ஆறவில்லை. ஆனால் மாடி அறைக்கு அவள் ஏறவில்லை. கடைசியில் சுஐப் போன் செய்து, சைரன் வேலையின் நிலவரம் கேட்டு உயிரை எடுத்தபோதுதான் ஏறினாள்.

பீரோ பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். லேப்டாப் பைக்குள், அவள் வைத்தபடியே காய்ந்து இருந்தது. மேஜையில் வைத்துத் திறந்தாள். தன் ரெப்போவில் எந்தெந்த ஃபோல்டர் இருக்கிறது என்று கேட்டாள். இந்த லேப்டாப்பில் எப்போதும் ஒன்றுதான், அவளுடையது மட்டும்.

இரண்டு இருந்தன.

இரண்டாவது பூட்டியிருந்தது. காரணத்தைக் காட்டச் சொல்லும் கட்டளையை அடித்துவிட்டு, உட்காரலாம் என்று பின்னால் கையை நீட்டி நாற்காலியை இழுத்தாள்.

நாற்காலி நகரவில்லை. பிடித்த விரல்களுக்கிடையில் சேற்றுத் தண்ணீர் வழிந்தது.

திரையில் வரி வந்தது.

'வந்துட்டேன். இந்தத் தடவ அழிச்சிடாதீங்க.'